வக்கீலுக்குக் கிடைத்த முதல் பதவி

அசஹெல் தார்ன் என்று பெயர் சொன்னதும் ஜெபக்கூடம் முழுக்கச் சிரித்தது. சொன்னது சட்டசபைக்கு இல்லை, பன்றிக் காவலுக்கு.

மார்ச் மாதம், பனி உருகி வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் இறங்கும் சமயத்தில், ஸ்டோன்ஃபீல்ட் ஊர் கூடும். முதலில் மாநிலச் சட்டசபைக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் ஊர் எழுத்தர், சாலை பார்க்கிறவர், வேலி பார்க்கிறவர் என்று படிப்படியாக இறங்கி வருவார்கள். எல்லாப் பதவியும் தீர்ந்து, எல்லோருக்கும் வயிறு கூப்பிடும் நேரத்தில் கடைசியாகப் பன்றிக் காவலர் பதவி மிஞ்சும். அந்த வருடம் எவனுக்குக் கல்யாணம் ஆனதோ அவன் தலையில் அதைக் கட்டுவது வழக்கம். புது மாப்பிள்ளை முகம் சிவக்க எழுந்து நின்று சத்தியப் பிரமாணம் செய்வான். உடனே ஊர் மொத்தமும் சத்திரத்துக்குப் போய், பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுப் பொங்கவைத்த ரம்மை அவன் செலவில் குடிக்கும். அத்தோடு பதவிக்காலம் முடிந்த மாதிரிதான். பன்றிகள் அதற்கு முன் எப்படி மேய்ந்தனவோ அப்படியே பின்னும் மேயும்.

அசஹெலுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கடற்கரை நகரத்தில் தெருவுக்கு நாலு வக்கீல் என்பதால்தான் இந்த மலையூருக்கு வந்திருந்தான். இங்கே வக்கீலே கிடையாது. இல்லாததற்குக் காரணம் உண்டு என்று வந்த பிறகுதான் தெரிந்தது. ஓநாய்த் தலை கொண்டுவந்தால் ஊர் பரிசு கொடுக்கிறதே, வக்கீல் தலைக்கும் சேர்த்து ஒரு விலை வைத்தால் என்ன என்று சத்திரத்தில் பேசிக்கொள்வார்கள், அவன் காதுபடவே. அவன் அலுவலகத்துக்குள் இதுவரை நுழைந்தவர் ஒருவர்தான். அவரும் கொல்லன் பட்டறைக்கு வழி கேட்டவர்.

ஆனாலும் அவன் மனசில் ஒன்று இருந்தது. சட்டசபைக்குப் போக வேண்டும். அவனுடைய அப்பா, காதில் விழுந்தே இராத ஒரு சட்டத்துக்காக அபராதம் கட்டி ஒரு பசுவை இழந்தவர். தலைநகரில் போடுகிற சட்டம் மலை ஏறி வருவதே இல்லை. அபராதம் மட்டும் ஏறி வருகிறது. ஒவ்வோர் ஊருக்கும் சட்டங்களை அச்சடித்து அனுப்ப வேண்டும், எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு நாற்காலி வேண்டும். அந்த நாற்காலி கர்னல் பெலெக் வாட்லினிடம் இருந்தது. மாவுமில்லும் மர அறுவை மில்லும் அவருடையவை. சட்டசபைக்கு வருடா வருடம் போகிறவரும் அவர்தான், ஊர்க்கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான்.

"என்ன வக்கீலய்யா," என்றார் கர்னல் மேடையிலிருந்து. "ஒத்துக்கறீங்களா, இல்ல அபராதம் கட்றீங்களா?"

பதவி வேண்டாம் என்பவர் அபராதம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கட்டிவிடலாம் என்றுதான் அசஹெல் எழுந்தான். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான். அபராதம் கட்டினால் அடுத்த இருபது வருடத்துக்கு இந்தச் சிரிப்பு ஓயாது என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒத்துக்கறேன்."

"அப்ப அந்த வெல்வெட் கோட்ட வீட்ல வச்சுட்டு வாங்க. நம்ம ஊர்ப் பன்னிக்கு அது புடிக்காது."

வீட்டில் அவன் மனைவி கெசையா அடுப்பில் பன்றிக்கறி போட்ட பீன்ஸ் சட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீயுமா? சிரிக்காத கெசையா."

"சிரிக்கல. கொஞ்சம் இருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்பா துறைமுகத்தில் சர்க்கரைப்பாகும் காப்பியும் வாங்கி விற்கிற வியாபாரி. பேரம் பேசுகிற சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவள் அவள். "ஒரு தடவ கடல்தண்ணி பட்ட காப்பி மூட்ட ஒரு கப்பல் நெறய வந்துச்சு. ஒரு பய கிட்டப் போகல. எங்கப்பா மட்டும் போயி வாங்கினாரு. காய வச்சு, சல்லடைல சலிச்சு வித்தாரு. அந்தச் சரக்குக்கு ஊர்லயே அவர்தான் கடை."

"பன்னிய சலிச்சு விக்கச் சொல்றியா?"

"உங்க வேலைக்குப் போட்டியில்லன்னு சொல்றேன். அந்தப் பன்னி வேலைக்குச் சட்டம் எதுவும் இருக்கா?"

இருந்தது. கடற்கரையிலிருந்து வந்தபோது கட்டிக்கொண்டு வந்த புத்தகத்தில் பார்த்தான். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடிய, வெளியே மேய்கிற ஒவ்வொரு பன்றிக்கும் கழுத்தில் கட்டையும் மூக்கில் வளையமும் இருக்க வேண்டும். கட்டை இருந்தால் வேலிக்குள் நுழைய முடியாது, வளையம் இருந்தால் மண்ணைத் தோண்ட முடியாது. இல்லாத பன்றியைக் காவலர் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைத்து, தானே மாட்டிவிட்டு, சொந்தக்காரரிடம் கூலி வாங்கிக்கொள்ளலாம். சட்டம் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஸ்டோன்ஃபீல்டில் அப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. விளையாட்டுக்கென்று வைத்திருந்த பதவியில் ஊர் தெரியாத்தனமாக ஒரு வக்கீலை உட்காரவைத்துவிட்டது. வக்கீல் என்பவன் எதைக் கையில் கொடுத்தாலும் அதைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறவன்.

ஏப்ரலில் அவன் கொல்லனிடம் ஒரு கொத்து வளையம் வாங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். முதல் பன்றி அவனைக் குப்புறத் தள்ளி முற்றத்தைச் சுற்றி இழுத்துப் போனது. வீட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாவது வீட்டில்தான் வித்தை பிடிபட்டது. கயிற்றைக் கழுத்தில் போடக் கூடாது. மேல்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் சுருக்குப் போட வேண்டும். நாம் முன்னால் இழுத்தால் பன்றி பின்னால் இழுக்கும். அப்படி இழுத்துக்கொண்டு நிற்கிற வரைக்கும் ஓர் அடி நகராது. ஊர்க்கூட்டத்தில் இதே மாதிரி நிற்கிற சிலரை அவனுக்குத் தெரியும்.

வளையம் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் அவன் சட்டத்தை வாசித்துக் காட்டினான். ஆரம்பத்தில் அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு சங்கதி நடந்தது. பன்றி கத்தி ஓய்ந்ததும் வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "வந்ததுதான் வந்தீங்க," என்று ஆரம்பிப்பார். எல்லைக்கல்லை பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திய கதை வரும். மாமனார் வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலத்தின் கதை வரும். அலுவலகத்தின் வர்ணம் பூசிய கதவைத் தட்டக் கூசியவர்கள், முழங்கால்வரை சேறோடு நிற்கிறவனிடம் கூச்சமில்லாமல் பேசினார்கள். மே மாதம் பிறந்தபோது அவனிடம் நாலு வழக்குகள் இருந்தன. நாலும் பன்றிக் கொட்டில்களில் கிடைத்தவை.

இந்தச் சமயத்தில்தான் கர்னல் அவனைச் சத்திரத்தில் பிடித்தார். ஓரமாக உட்காரவைத்து, தன் கையாலேயே ஆப்பிள் மது ஊற்றினார்.

"தம்பி, எனக்கு அறுபது ஆச்சு. வருஷா வருஷம் ஜூன்ல குதிரை மேல உக்காந்து தலைநகர் போறதுக்கு இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது. அடுத்த மார்ச்சுல உங்க பேர நானே சொல்லலாம்னு இருக்கேன். நான் சொன்னா ஊர்ல பாதி பேரு மறு பேச்சு பேச மாட்டான்."

அசஹெலின் காது சூடாயிற்று. "பதிலுக்கு நான் என்ன செய்யணும் கர்னல்?"

"பதிலுக்கா? சேச்சே, ஒண்ணுமில்ல. நம்ம மில்லுப் பக்கம் சேறு ஜாஸ்தி. அங்கெல்லாம் வந்து நல்ல பூட்ஸ கெடுத்துக்க வேணாம்னு சொல்றேன், அவ்வளவுதான்."

மில் பக்கம் கர்னலின் பன்றிக் கூட்டம் இருந்தது. ஒன்றுக்கும் கட்டை கிடையாது, வளையம் கிடையாது. அவற்றுக்குத் தலைவி ஒரு வெள்ளைப் பெண்பன்றி. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். சீமாட்டி என்று கர்னல் அதைக் கூப்பிடுவார்.

அன்றிரவே கெசையாவிடம் சொன்னான்.

"நீங்க கேக்காம அவரா வெல சொன்னாரா?"

"ஆமா."

"சாமான இந்த வருஷம் எடுத்துக்குவாரு. பணம் அடுத்த வருஷம். அப்படித்தான?"

"அது சட்டசபை கெசையா. மிளகு மூட்ட இல்ல."

"மிளகு மூட்டையா இருந்தா நான் பயப்படவே மாட்டேன். எடை போட்டுப் பாத்துடலாம்," என்றாள்.

அசஹெல் கர்னலிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மில் பக்கம் மட்டும் போகவில்லை. வடக்கு மேட்டில் வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மே மாதம் முழுக்க வடக்கு மேட்டிலேயே அவனுக்கு வேலை இருந்தது.

ஜூன் முதல் வாரம் ஒரு காலை, டார்கஸ் ப்ராட் அவன் அலுவலகக் கதவைத் தட்டாமலே திறந்தாள். மில்லுக்குப் பக்கத்து நிலம் அவளுடையது. அவள் கணவன் ரூபன் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. அவனுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். பாவாடை முழுக்கச் சேறு. கையிலிருந்த வேரோடு பிடுங்கிய சோளக்கன்றுகளை அவன் மேசையில், சுத்தமான காகிதங்களின் மேலேயே போட்டாள்.

"என் வீட்ல ஒரு குட்டி இருக்கு, முயல் அளவு. அதுக்கு வந்து வளையம் மாட்டுனீங்களே, ஞாபகமிருக்கா?"

"இருக்குங்க."

"சட்டமெல்லாம் வாசிச்சீங்க. ரூபன் தொப்பியக் கழட்டிக் கேட்டாரு. அந்த மனுஷன் பாதிரியாருக்கே தொப்பியக் கழட்ட யோசிப்பாரு. இன்னிக்கு விடியக்காலைல சீமாட்டி உள்ள வந்தா. சோளம் போச்சு, பட்டாணி போச்சு, பூசணி போச்சு. அவ மூக்குல என்ன இருந்துச்சு தெரியுமா? என் பட்டாணிக்கொடி."

அசஹெல் வாய் திறந்தான்.

"வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க வக்கீலய்யா. அந்தச் சட்டத்துல, மில்லு வச்சிருக்கவன் பன்னிக்கு வளையம் வேணாம்னு ஒரு வரி இருந்திருக்கும். நீங்க அத எங்களுக்கு வாசிக்க மறந்துட்டீங்க. இருக்கா, இல்லயா?"

"இல்லைங்க."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கொஞ்ச நேரம் சோளக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இப்போது கயிற்றை எடுத்தால் நாற்காலி போகும். கர்னலின் பேச்சை மீறி ஜெயித்தவர் இந்த ஊரில் இல்லை. எடுக்காவிட்டால் நாற்காலி வரும். அதில் உட்கார்ந்து, சட்டம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அவன் பேசுவான். டார்கஸுக்கு அது தெரிய வந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தான். எழுந்து கயிற்றை எடுத்தான்.

சீமாட்டி ப்ராட் வீட்டுப் பூசணிப் பாத்தியில் சாவகாசமாகப் படுத்திருந்தாள். மேல்தாடையில் சுருக்கு விழுந்ததும் அவள் கத்தின கத்தலில் மில் சக்கரச் சத்தமே கேட்கவில்லை. ரூபன் பின்னாலிருந்து ஒரு பலகையால் தள்ள, டார்கஸ் ஓரத்தில் நடந்தபடி சீமாட்டியின் வம்சத்தைப் பற்றிப் பேச, ஊர்ப் பட்டிக்கு ஊர்வலம் போயிற்று. பாதி ஊர் கூடவே வந்தது. வளையம் மாட்டி, கழுத்துக் கட்டை பொருத்தி முடிக்கிற நேரத்தில் கர்னல் குதிரையில் வந்து இறங்கினார். தலைநகருக்குப் புறப்படுவதற்கான உடுப்பிலேயே வந்திருந்தார்.

"என்ன வேலை தம்பி இது?"

"கூலி ரெண்டு ஷில்லிங் கர்னல். கட்டிட்டு ஓட்டிட்டுப் போகலாம்."

"எவன் போட்ட சட்டம் இது?"

அசஹெல் புத்தகத்தைப் பிரித்து, மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதல் வரியிலிருந்து கடைசிவரை வாசித்தான். நிறைவேறிய வருடத்தையும் மாதத்தையும் வாசித்தான்.

"அந்த வருஷம் நம்ம ஊருக்காகப் போனது யாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கர்னல் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த வாரம் முப்பது சட்டம் வந்துச்சு," என்றார் கடைசியில். "மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கையத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். எந்தப் பன்னின்னு யாரு பாத்தா?"

சிரிப்பு வெடித்தது. மார்ச்சில் கேட்ட அதே சிரிப்புதான், ஆள் மட்டும் மாறியிருந்தது. கர்னல் இரண்டு ஷில்லிங்கை எறியவில்லை, கையிலேயே கொடுத்தார். பிறகு குனிந்து, அசஹெலுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ அந்தச் சபைக்குள்ள கால் வைக்க முடியாது."

அன்று சாயங்காலம் கெசையா அதைக் கேட்டுவிட்டு, "போகட்டும். அந்த வெலைக்கு வாங்கியிருந்தா வீட்ல வச்சுப் பாக்கவே புடிச்சிருக்காது," என்றாள். ஆனாலும் அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தாள். சோள ரொட்டியை மூடிவைத்தாள்.

கோடை முழுக்க அவன் காவல் வேலையை விடவில்லை. வாரம் ஒரு முறை மில் பக்கமும் போனான். கர்னலின் பன்றிகள் வளையத்தோடு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தன. இலையுதிர்காலத்தில் ஊரின் பூசணிகள் முழுசாக வீடு வந்து சேர்ந்தன. வழக்குகள் வந்தன, அலுவலகத்துக்கே வந்தன. சட்டசபைப் பேச்சை மட்டும் அவன் எடுக்கவில்லை. யாராவது எடுத்தாலும் வேறு பேச்சுக்குத் தாவினான்.

ஜனவரியில் ஒரு சேதி ஊரைக் கலகலப்பாக்கியது. பெண்டாட்டியை இழந்து பல வருடமாகத் தனியாக இருந்த கர்னல், துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கேப்டனின் விதவையைக் கல்யாணம் செய்து, பனிச்சறுக்கு வண்டியில் மணி கட்டி அழைத்து வந்தார்.

மார்ச் வந்தது. ஜெபக்கூடத்தில் கர்னல் மேடை ஏறினார். சட்டசபைக்கு யார் என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்கும் முன் தானே சொன்னார்: "நான் இந்தத் தடவ போகல. வக்கீல் தார்ன் போகட்டும்."

அசஹெல் தன் காதை நம்பவில்லை. கூட்டமும் நம்பவில்லை.

"ஆளு கெட்டிக்காரரு," என்று கர்னல் தொடர்ந்தார். "சட்டம் தெரிஞ்சவரு. அங்க ஜூன்ல கூட்டம் ஆரம்பிச்சா முடிய வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அவரு அங்கயே தங்கி நமக்கு நல்லது பண்ணட்டும்."

"பன்னி மேயற காலத்துல," என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஊருக்குப் புரிந்துவிட்டது. தன்னைச் சபைக்கு அனுப்பவில்லை, பட்டியிலிருந்து துரத்துகிறார் என்று அசஹெலுக்கும் புரிந்தது. ஒரு கணம் கசந்தது. அப்புறம், கெசையா இங்கே இருந்தால் என்ன கேட்பாள் என்று யோசித்தான். அவருக்கு அவசரம், நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பாள்.

எழுந்து நின்றான். "ஊருக்குச் சம்மதம்னா நான் போறேன். ஒண்ணு மட்டும். நான் போற நாள்ல பன்னிக் காவல் சும்மா இருக்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கறவங்க மட்டும் எனக்குப் போடுங்க."

ஸ்டோன்ஃபீல்டில் பழைய முறைதான் இன்னும். சம்மதம் என்றால் ஒரு சோளமணி, இல்லையென்றால் ஒரு பீன்ஸ் கொட்டை. தொப்பி வரிசை வரிசையாகச் சுற்றி வந்தது. மேசையில் கவிழ்த்தபோது அங்கங்கே சில பீன்ஸ் தெரிந்தன, மற்றதெல்லாம் மஞ்சள். கர்னல் வாங்கிக் கொடுக்கிற பாதியைவிட அது ரொம்ப அதிகம். எழுத்தர் எண்ணக்கூட மெனக்கெடவில்லை, கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "தார்ன்," என்று எழுதினார். அசஹெலுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, ஏற்கனவே உட்கார்ந்திருந்தான்.

மற்றப் பதவிகள் ஓடின. பசி வந்தது. பன்றிக் காவலர் முறை வந்ததும் கர்னல், "இந்த வருஷம் நம்ம ஊர்ல பசங்க யாருக்கும் கல்யாணமே ஆகல போலிருக்கு. அப்ப அந்தப் பதவிய இந்தத் தடவ விட்டுடலாம்," என்றார்.

சுவரோரத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ரூபன் ப்ராட் எழுந்து நின்றான். ஜெபக்கூடம் அமைதியானது. அவன் குரல் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எல்லோருக்கும்.

"கர்னலுக்கு ஆச்சு," என்றான் ரூபன். "ஜனவரில." உட்கார்ந்துவிட்டான்.

கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள்.

"எனக்கு அறுபத்தொண்ணு நடக்குதுய்யா."

"பன்னி வயசெல்லாம் பாக்காது கர்னல்."

"கோட்டக் கழட்டி வச்சுட்டு வாங்க கர்னல்."

அவர் அசஹெலைப் பார்த்தார். அபராதம் கட்டிவிட்டுப் போக அவரால் முடியும். அந்தத் தொகை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போன வருடம் இந்த வக்கீல் கட்டாமல் எழுந்து நின்றதை ஊர் மொத்தமும் பார்த்திருந்தது. கர்னல் கோட்டுப் பொத்தானில் கை வைத்தார்.

"ஒத்துக்கறேன். சத்தியம் பண்ணி வைங்க," என்றார். பிறகு முனகலாக, "தம்பி, அந்தச் சட்டத்த எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டணும். முழுசா," என்றார்.

ஜூனில் அசஹெல் புறப்பட்ட அன்று, மில்லைத் தாண்டுகிற இடத்தில் கர்னல் ஒரு சின்னப் பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கயிறு கழுத்தில் இருந்தது. புது மனைவி படியில் உட்கார்ந்து, மாலுமிகளின் பாஷையில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேல்தாடைல போடுங்க கர்னல். பல்லுக்குப் பின்னால."

"சட்டத்துல அப்படி இல்லையே."

"சட்டத்துல இல்ல. கீழ விழுந்து கத்துக்கிட்டது." குதிரையை வேலியில் கட்டிவிட்டு, கோட்டைக் கழற்றி, உள்ளே போய்ச் சுருக்கை மாற்றிப் போட்டுக் கொடுத்தான். கர்னல் வளையத்தை மாட்டினார். சரியாகவே மாட்டினார். அந்தத் தாமதத்தால் அன்று போக வேண்டிய தூரம் போக முடியவில்லை.

அவன் தலைநகர் சேர்ந்தபோது சபை கூடி உட்கார்ந்திருந்தது. வாசல் காவலன் அவன் பூட்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊர்?" என்றான். சொன்னதும் உள்ளே விட்டான். பெஞ்சு எது என்றுகூடத் தெரியாமல் அடுப்போரம் நின்றான். மேடையில் எழுத்தர் ஏதோ ஒரு மசோதாவை மழைபோல் வாசித்து முடித்தார். எதிர்ச் சத்திரத்திலிருந்து வறுத்த கறியின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. கைகள் உயர ஆரம்பித்தன.

"ஐயா," என்றான் அசஹெல். "இன்னொரு தடவ வாசிக்கணும். மெதுவா."

சபை முழுக்க முனகல். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில், சேறு காய்ந்த பூட்ஸோடு உட்கார்ந்திருந்த இன்னொரு மலையூர்க்காரர், தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

"எனக்கும் சரியா காதுல விழல," என்றார். "வாசிக்கட்டும்." அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

எழுத்தர் பெருமூச்சு விட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.